"நிரந்தரமா நேரம் மாத்த என்ன கமாண்ட்?" – கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கடை. பில் போட ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் உபுண்டு என்ற லினக்ஸ். கடையில் இன்டர்நெட் லைன் கிடையாது. ராத்திரி கடை அடைக்கும்போது மெயினை ஆஃப் செய்துவிட்டுப் போகிறீர்கள். காலையில் போட்டால் போன வருஷத்துத் தேதி காட்டுகிறது. கமாண்ட் தட்டும் டெர்மினல் ஜன்னலில் 'டேட்' கமாண்டால் சரிசெய்கிறீர்கள், மறுநாள் மறுபடியும் அதே கதை. "நிரந்தரமா மாத்த என்ன கமாண்ட்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கமாண்டைக் கேட்டாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: நீங்கள் சொல்லிக் கொடுத்த நேரத்தை இந்த மெஷின் ராத்திரி எங்கே தொலைக்கிறது? அதற்குக் கமாண்ட் பாதி பதில்தான். மீதிப் பாதி, வாட்ச் ரிப்பேர்க் கடையில் விற்கும் சாமானாக இருக்கலாம்.

நான் பாளையங்கோட்டையில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தவன். இப்போது சர்வர் பார்க்கும் வேலை. போனில் சொல்லிக் கொடுப்பது போலவே கமாண்டுகளைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் தட்டுங்கள். 'மைனஸ்' என்று நான் எழுதினால் அது சின்னக் கோடு. கமாண்டுக்கு முன்னால் 'சூடோ' (எஸ், யு, டி, ஓ; அட்மின் அதிகாரத்தோடு ஓட்டு என்று அர்த்தம்) போடச் சொன்ன இடங்களில் மறக்காமல் போடுங்கள். கடிகாரத்தைப் பார்க்க யாருக்கும் அனுமதி உண்டு, மாற்றத்தான் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்.

உங்கள் பெட்டிக்குள் இரண்டு கடிகாரம் இருக்கிறது. ஒன்று மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஆர்டிசி, அதாவது ரியல் டைம் க்ளாக். வாட்சில் இருக்கிற மாதிரியே வினாடிக்கு 32,768 தடவை அதிரும் குவார்ட்ஸ் துண்டு அதற்கு. கரண்ட் இல்லாதபோதும் அது ஓட ஒரு காசு அளவு பேட்டரி. இன்னொன்று லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் மெமரியில் வைத்திருக்கும் கணக்கு. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே இருக்கும். காலையில் ஸ்விட்சைப் போட்டதும் கர்னல் ஆர்டிசியை ஒரு தடவை கேட்டுக்கொள்கிறது. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருகிவிட்டுக் கிளம்புகிற மாதிரி. அதற்கப்புறம் நாள் முழுக்கக் கைக்கடிகாரம்தான். நீங்கள் 'டேட்' கமாண்டால் திருகியது அந்தக் கைக்கடிகாரத்தை மட்டும். சுவர்க் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. இன்டர்நெட் நேரத்தோடு ஒத்துப்போயிருக்கும்போது கர்னல் சுமார் 11 நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே ஆர்டிசியையும் சரிசெய்துவிடும். உங்கள் கடையில் நெட் இல்லாததால் அந்தக் கைங்கரியம் நடக்கவில்லை. இவ்வளவும் உறுதி.

உறுதியில்லாதது இதற்கு அடுத்தது. ஆர்டிசியில் யாரும் எழுதாததால் மட்டும் இந்தப் பிரச்சினையா, அல்லது பேட்டரியும் செத்துவிட்டதா? வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் மெஷினைத் தொட்டுப் பார்க்காமல் என்னால் இதில் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒரு ராத்திரியில் எது என்று நீங்களே பிரித்தறியலாம்.

முதலில் மாற்றாமல் வெறுமனே பாருங்கள். 'டைம்டேட்சிடிஎல்' என்று தட்டுங்கள். டைம், டேட் இரண்டையும் ஒட்டி எழுதி, கடைசியில் சி, டி, எல். ஏழு வரி வரும். முதல் வரி உள்ளூர் நேரம், இரண்டாவது கிரீன்விச் நேரம், மூன்றாவது ஆர்டிசி, நான்காவது டைம் ஜோன். அந்த நான்காவது வரியில் ஆசியா, சாய்கோடு, கோல்கட்டா என்று இருக்க வேண்டும். பழைய சிஸ்டமாக இருந்தால் கல்கத்தா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். "நம்ம ஊருக்கு எதுக்கு கொல்கத்தா, சென்னை இல்லையா" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. நாடு முழுக்க ஒரே நேரம் என்பதால் ஒரு ஊரின் பெயரில் ஒரே பட்டியல். அந்தப் பட்டியலுக்குள் நம் மதராஸும் இருக்கிறது. 'டேட் மைனஸ் டி' போட்டு 1900-01-01 என்று கேட்டுப் பாருங்கள், எம்எம்டி என்று வரும். மெட்ராஸ் நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 10 வினாடி முன்னால். 1906-இல்தான் ஐந்தரை மணி கணக்கு வந்தது. அந்த ஐந்தரை, கிழக்கே 82.5 பாகையில் ஓடும் தீர்க்கரேகைக்கு உரியது. நாம் ஏறக்குறைய 77.7-இல் இருக்கிறோம், அதனால் திருநெல்வேலியில் சூரியன் உச்சிக்கு வர சராசரியாக 12 மணி 19 நிமிஷம் ஆகும். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இது புதிதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடிகாரம் தப்பு என்றால், எவ்வளவு தப்பு என்பதை எழுதி வைத்துக்கொண்டுதான் நான் கை வைப்பேன். அந்த வித்தியாசமே பாதி நோயைச் சொல்லிவிடும். சரியாக ஐந்தரை மணி நேரம் முன்னே பின்னே இருந்தால் பேட்டரியைக் குறை சொல்லக்கூடாது. டைம் ஜோன் மாறியிருக்கும், அல்லது அதே மெஷினில் விண்டோஸும் இருக்கும். விண்டோஸ் ஆர்டிசியில் நம் ஊர் நேரத்தை எழுதும், லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை எழுதும், இரண்டு மருமகள் ஒரே அடுப்படியில் நிற்கிற கதை. பன்னிரண்டு மணி வித்தியாசம் என்றால் யாரோ காலை மாலையைக் குழப்பியிருக்கிறார்கள். மாதத்துக்கு ஒரு நிமிஷம் போல நகர்ந்தால் அது குவார்ட்ஸின் சுபாவம். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே நாளைக்கு 1.7 வினாடி. தகரக்கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் இருக்கிற மெஷின் இன்னும் கொஞ்சம் பிந்தும். அந்த வகை குவார்ட்ஸ் 25 டிகிரி சுமாருக்கு வெட்டப்பட்டது, சூடு ஏறினாலும் குளிர் ஏறினாலும் மெதுவாகத்தான் ஆகும். ஆனால் உங்களுக்கு மாதக்கணக்கில் பின்னால் போயிருக்கிறது. அதுவும் தினமும் அதே தேதிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'அதே தேதி'தான் எனக்குப் பேட்டரி மேல் சந்தேகத்தைக் கிளப்பியது. பேட்டரி நல்லாயிருந்து, தப்பான தேதி மட்டும் ஆர்டிசியில் இருந்தால், அந்தத் தப்பும் தினமும் ஒரு நாள் நகர்ந்திருக்க வேண்டும்.

"பேட்டரி செத்தால் 2000 அல்லது 2009 என்றல்லவா காட்டும், எனக்குப் போன வருஷம்தானே காட்டுது" என்று நீங்கள் கேட்கலாம். பழைய லினக்ஸில் அப்படித்தான். இப்போதைய உபுண்டுவில் இருக்கும் சிஸ்டம்டி (மெஷின் ஏறும்போது மற்ற எல்லாவற்றையும் கிளப்பிவிடும் புரோகிராம்), ஒரு எல்லைக்கு முன்னால் கடிகாரத்தைப் போக விடாது. தான் தயாரான தேதியையோ, கடைசியாகக் குறித்து வைத்த தேதியையோ பிடித்துக்கொண்டு, ஆர்டிசி அதற்கும் பழைய தேதி சொன்னால் "போய்யா" என்று அந்த எல்லைத் தேதிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடும். உங்களுக்குத் தெரியும் போன வருஷத் தேதி அந்த எல்லையாக இருக்கலாம். லினக்ஸ் ஏறுவதற்கு முன்னால் பயாஸில், அதாவது மதர்போர்டின் சொந்த செட்டிங் திரையில், போய்ப் பார்த்தால்தான் ஆர்டிசி நிஜமாக என்ன சொல்கிறது என்று தெரியும். ஸ்விட்ச் போட்டதும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். அங்கே 2009 மாதிரி ஒரு பழைய வருஷம் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

இப்போது மாற்றும் வேலை. பழைய வழி 'சூடோ டேட்' என்று தட்டி அதன்பின் எண்களை ஒட்டாகப் போடுவது: மாதம், தேதி, மணி, நிமிஷம், வருஷம். 2025 ஜூன் 15 காலை ஒன்பதரை என்றால் 061509302025. இதில்தான் நான் ஒரு தடவை மூக்கு உடைபட்டேன். மேலப்பாளையத்தில் ஒரு பலசரக்குக் கடை, ஜூன் மாதம் 5-ஆம் தேதி. நம் கை பழக்கத்தில் தேதியை முதலில் தட்டி 0506 என்று ஆரம்பித்துவிட்டேன். மெஷின் வாய் பேசாமல் மே 6-க்குப் போய்விட்டது. மணி சரியாகக் காட்டியதால் நானும் எழுந்து வந்துவிட்டேன். மத்தியானம் கடைக்காரர் போன் போட்டு, "தம்பி, இன்னைக்கு வித்த சீனியெல்லாம் போன மாசமே வித்தாச்சாம்லா?" என்று கேட்டார். அரை நாள் பில் மே மாதக் கணக்கில் ஏறியிருந்தது. சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்தேன், சர்வீஸ் சார்ஜ் கேட்க வாய் வரவில்லை. அன்றிலிருந்து 'டேட்' என்றால் 'மைனஸ் எஸ்' போட்டு, மேற்கோள் குறிக்குள் வருஷம்-மாதம்-தேதி, ஒரு இடைவெளி, மணி:நிமிஷம்:வினாடி என்று மட்டும்தான் தட்டுகிறேன். பெரியதிலிருந்து சின்னதுக்கு வரும் வரிசை என்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

ஆனால் உங்களுக்கு 'டேட்' வேண்டாம். 'டைம்டேட்சிடிஎல்' போடுங்கள், அது கைக்கடிகாரம், சுவர்க் கடிகாரம் இரண்டையும் ஒரே மூச்சில் திருகும். முதலில் 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ஃபால்ஸ்'. என்டிபி என்றால் நெட்டிலிருந்து நேரத்தை வாங்கித் தானாகச் சரிசெய்யும் முறை. இதைச் செய்யாமல் நேரத்தை மாற்றப் போனால், தானாகச் சரிசெய்யும் வசதி ஓடிக்கொண்டிருக்கிறது, மாட்டேன் என்று திருப்பி அனுப்பும். நெட் இல்லாத கடையிலும் அந்த வசதி பெயரளவில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பிறகு 'சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்', ஒரு இடைவெளி, மேற்கோள் குறிக்குள் 2025-06-15 09:30:00 என்ற பாணியில் அன்றைய நேரம். 24 மணிக் கணக்கு, சாயங்காலம் ஆறு என்றால் 18. நேரத்தை உங்கள் செல்போனைப் பார்த்துப் போடுங்கள், பில்லுக்கு அந்தத் துல்லியம் தாராளம். எங்கள் அப்பா காலையில் ரேடியோவில் ஏழேகால் தமிழ்ச் செய்தி தொடங்கும்போது வாட்சைத் திருகுவார், அதுவும் ஒரு காலத்தில் ஊருக்கே போதுமாகத்தான் இருந்தது.

அடுத்து மறுபடியும் வெறும் 'டைம்டேட்சிடிஎல்'. இரண்டாவது வரியும் மூன்றாவது வரியும், அதாவது கிரீன்விச்சும் ஆர்டிசியும், ஒன்றாக இருந்தால் எழுதியாயிற்று. 'டேட்' கமாண்டோடுதான் இருப்பேன் என்றால், அதன்பின் 'சூடோ எச்டபிள்யூக்ளாக் மைனஸ் டபிள்யூ' தட்டினால் மெமரியில் இருப்பது ஆர்டிசிக்குப் போகும். அதில் 'மைனஸ் எஸ்' என்று மாற்றித் தட்டிவிடாதீர்கள், அது எதிர்த்திசை. ஆர்டிசியின் தப்பு நேரம் மெமரிக்கு வந்துவிடும். புதிய உபுண்டுவில் அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று சொன்னால் பயப்பட வேண்டாம், அதைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்துவிட்டார்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

இப்போது பேட்டரிச் சோதனை. மேலே சொன்னபடி எழுதிய பிறகு, மெஷினை மட்டும் ஷட்டவுன் செய்யுங்கள், சுவர் ஸ்விட்சைத் தொடாதீர்கள். பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். நேரம் தொலையாமல் சரியாகவே இருக்கும். ஷட்டவுன் ஆன பிறகும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் பெட்டி மதர்போர்டுக்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், ஆர்டிசி அதில் ஓடும், பேட்டரி செத்திருந்தாலும் தெரியாது. அடுத்து, ஷட்டவுன் செய்து சுவர் ஸ்விட்சையும் அணையுங்கள். ஒரு மணி நேரம் போகட்டும், முடிந்தால் ராத்திரி முழுக்க. போட்டதும் நேராகப் பயாஸுக்குப் போங்கள். இதில் நேரம் தொலைந்துபோயிருந்தால் பேட்டரிதான், வேறு பேச்சே இல்லை. நேரம் சரியாக இருந்தால் பேட்டரி நல்லது, இத்தனை நாளும் ஆர்டிசியில் யாரும் எழுதாததுதான் குறை. தேதி ஏன் நகரவில்லை என்ற என் சந்தேகத்தை அப்போது நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை: பயாஸில் பார்க்கும்போது காலை ஒன்பதரைக்கு நாலு மணி என்று காட்டும். ஐந்தரை மணி பின்னால் இருக்கிறதே என்று அங்கேயே திருத்திவிடாதீர்கள். லினக்ஸ் எழுதுவது கிரீன்விச் நேரம் என்று சொன்னேனே, அதுதான். இதைத் திருத்தி மாட்டிக்கொண்டவர்கள் என் கடைக்கு நிறைய வந்திருக்கிறார்கள்.

பேட்டரியை மாற்றுவது பத்து நிமிஷ வேலை. சிஆர்2032 என்று கேளுங்கள். அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கழற்றுவதற்கு முன்னால் பயாஸில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பேட்டரி கழன்றதும் சில பழைய போர்டுகளில் ஹார்ட் டிஸ்க் எந்த முறையில் ஓட வேண்டும் என்ற செட்டிங் மாறிப்போய், உபுண்டு ஏறாமல் நின்றுவிடும். படம் இருந்தால் ஒரு நிமிஷத்தில் சரிசெய்யலாம். கரண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, பக்கத்து மூடியைத் திறந்தால் வெள்ளிக்காசு மாதிரி தெரியும். ஓரத்தில் ஒரு கொக்கி இருக்கும், நகத்தாலோ சின்ன ஸ்க்ரூடிரைவராலோ அதை வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி தானாக எழும்பும். காசை நெம்பாதீர்கள், கொக்கியைத் தள்ளுங்கள். பிளஸ் குறி போட்ட பக்கம் மேலே இருக்கும்படி புதியதை அமுக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால் பழையதை வைத்துப் பாருங்கள். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், இரண்டரைக்குக் கீழே போனதை நான் திரும்பப் போடமாட்டேன். மாற்றியதும் மேலே சொன்ன 'செட்-டைம்' ஒரு தடவை.

நெட் இல்லை என்றாலும் வாரத்துக்கு ஒரு நாள் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி நெட்டைப் பகிர்ந்துவிட்டு, 'செட்-என்டிபி ட்ரூ' போட்டுக் கால் மணி நேரம் விட்டால் கையால் திருகும் வேலையே மிச்சம். உபுண்டு தன் சொந்த சர்வரைக் கேட்கும். இந்திய நேரத்தை அதிகாரபூர்வமாக வைத்திருப்பது புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். சீசியம் அணுக் கடிகாரங்களை வைத்து அங்கே கணக்கிடுகிறார்கள், அவர்களுடைய என்டிபி சர்வரையும் செட்டிங் ஃபைலில் எழுதலாம். ஆபீஸ் சர்வர்களில் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். அப்பளக் கடைக்கு உபுண்டுவே போதும். தேதி பழையதாக இருக்கும்போது வெப்சைட்டுகள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுப்பதும், அப்டேட் கமாண்ட் "இந்த ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று முரண்டு பிடிப்பதும் இதே கோளாறின் பிள்ளைகள்தான். சான்றிதழ் பிறப்பதற்கு முந்திய தேதியில் உங்கள் மெஷின் நிற்கிறது. உங்கள் மைத்துனர் சொன்ன மாதிரி வைரஸ் என்று இதை வைத்து முடிவு கட்டி விண்டோஸ் போட்டுவிடாதீர்கள், செத்த பேட்டரி விண்டோஸுக்கும் சேர்த்துத்தான் செத்திருக்கும்.

விண்டோஸ்காரர்கள் இதைப் படித்தால் இரண்டு வரி. அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'டேட்', 'டைம்' என்று தனித்தனியாகத் தட்டினால் இப்போதைய நேரத்தைக் காட்டிப் புதியதைக் கேட்கும். தேதியை எந்த வரிசையில் போட வேண்டும் என்று அங்கேயே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுப் போடுங்கள். பார்க்க மட்டும் வேண்டுமானால் பின்னால் சாய்கோடு டி. நெட்டிலிருந்து சரிசெய்ய 'டபிள்யூ32டிஎம் சாய்கோடு ரீசிங்க்'.

ஏற்கனவே போன வருஷத் தேதியில் விழுந்த பில்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கடிகாரத்தைச் சரிசெய்தால் அவை தானாக மாறாது. பில் போட்ட நொடியின் தேதி அப்படியே டேட்டாபேஸில் உட்கார்ந்திருக்கும். உள்ளே போய் நீங்களாகத் தேதியைத் திருத்தாதீர்கள், யாரையும் திருத்த விடவும் வேண்டாம். பில் நம்பர் வரிசை ஒழுங்காக இருக்கும், அதையும் அன்றன்றைக்கு எழுதிய கைக்கணக்கையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரைப் பாருங்கள். ஜிஎஸ்டியில் அதை எப்படிக் காட்டுவது என்று சொல்ல வேண்டியவர் அவர், நான் அல்ல.

இவ்வளவும் செய்த பிறகும் காலையில் பழைய தேதி வந்தால், 'டைம்டேட்சிடிஎல்' காட்டும் ஏழு வரியையும், அதே காலையில் பயாஸில் தெரிந்த தேதியையும், அப்போது உங்கள் போனில் என்ன மணி என்பதையும் இங்கே எழுதுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.